தழுவலை அளக்கும் கோல் எது? - ஒரு பிரெஞ்சு வழக்கை முன்வைத்து

நாவலொன்று திரைப்படமாகும்போதெல்லாம் தவறாமல் எழுகின்ற கேள்வி, "மூலத்தைப் போல வந்திருக்கிறதா?" என்பது. வாசகர் கேட்கிறார், விமர்சகர் கேட்கிறார், இறுதியில் ஆய்வாளரும் அதையே கேட்கிறார். வாசகர் கேட்பதில் பிழையில்லை. தாம் நேசித்த ஒன்று பிறர் கையில் என்னவாயிற்று என்ற கவலை அவருக்கு இருக்கும். ஆனால் ஆய்வாளரும் அதே கேள்வியை அதே வடிவில் கேட்டு, நாவலில் உள்ளவை ஒருபுறமும் படத்தில் உள்ளவை மறுபுறமும் என அட்டவணையிட்டு, ஒற்றுமை வேற்றுமைகளை எண்ணி முடித்துவிட்டால், அங்கே நிகழ்ந்தது கணக்கெடுப்பே அன்றி ஆய்வன்று. இலக்கிய வகுப்பறைகளில் இத்தகைய கணக்கெடுப்பு ஒப்பாய்வு என்னும் பெயரில் உலவுவதை நாம் அறிவோம்.

இக்கேள்வியைச் செம்மையாகக் கேட்பது எப்படி என்பதைப் பிரெஞ்சுப் பண்பாட்டின் ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. ஒரு நாவல், படமாகாத ஒரு திரைக்கதை, படமான மற்றொரு திரைக்கதை, இவற்றைச் சுற்றி எழுந்த இரண்டு கட்டுரைகள் ஆகியவை அவ்வழக்கின் சான்றாவணங்கள். தீர்ப்பு எழுதப்பட்டு எழுபதாண்டுகள் கடந்துவிட்டன. எனினும் மறுவிசாரணைக்குரிய வழக்கு அது என்பதே நம் கருத்து.

ஜார்ஜ் பெர்நானோஸ் எழுதிய 'ஒரு கிராமப் பங்குத்தந்தையின் நாட்குறிப்பு' 1936இல் வெளிவந்து, அவ்வாண்டே பிரெஞ்சு அகாதெமியின் நாவலுக்கான பெரும்பரிசைப் பெற்றது. வட பிரான்சின் அம்ப்ரிகூர் என்னும் சிற்றூருக்கு வந்து சேரும் இளம் பங்குத்தந்தை ஒருவர் தமக்கென எழுதிவரும் நாட்குறிப்பே நாவல். ஊரார் அவரை ஏற்பதில்லை. மறைக்கல்வி கற்க வரும் சிறுமியர் கூட அவரை எள்ளி நகையாடுகின்றனர். வயிற்றுநோயால் திராட்சை மதுவில் நனைத்த ரொட்டியன்றி வேறு எதையும் உண்ண இயலாத அவரைக் குடிகாரர் என்கின்றனர். இறந்த மகனை நினைந்து இறைவனோடு பகைகொண்ட சீமாட்டி ஒருத்திக்கு ஓர் உரையாடலின் வழியே அவர் அமைதியைப் பெற்றுத் தருகிறார். அன்றிரவே அவள் இறக்க, அந்தப் பழியும் அவர்மீதே விழுகிறது. புற்றுநோய் என்பதறிந்து, லீல் நகரில், துறவைக் கைவிட்ட பழைய நண்பன் ஒருவனின் எளிய அறையில் அவர் உயிர் பிரிகிறது. நாவலின் கடைசிச் சொல் இறையருளைப் பற்றியது. அவ்வளவு துன்பத்தையும் கடந்து வந்த வாசகன் அச்சொல்லை எவ்வாறு எதிர்கொள்கிறான் என்பதில்தான் நாவலின் உயிர் இருக்கிறது.

இந்நாவலைப் படமாக்க முதலில் முயன்றவர்களுள் ழான் ஒராஷ் என்னும் புகழ்பெற்ற திரைக்கதையாசிரியர் ஒருவர். பியேர் போஸ்த் என்னும் நாவலாசிரியரோடு இணைந்து அவர் எழுதிய திரைக்கதைகள் போருக்குப் பிந்தைய பிரெஞ்சுத் திரையுலகின் மதிப்புக்குரிய சொத்துகளாகக் கருதப்பட்டன. ஆந்த்ரே ழீதின் 'ஆயர் இசை' 1946இலும், ரேமோன் ராதிகேயின் 'உடலில் சாத்தான்' 1947இலும் அவர்கள் கைவண்ணத்தில் திரைக்கு வந்தன. ஒவ்வொரு நாவலிலும் படமாக்கத்தக்க காட்சிகளும் படமாக்கவியலாத காட்சிகளும் உண்டு. பின்னவற்றை வெறுமனே விட்டுவிடாமல், நாவலாசிரியரே திரைக்கு எழுதியிருந்தால் எதை எழுதியிருப்பாரோ அத்தகைய நிகரான காட்சியைப் புனைந்து வைக்க வேண்டும் என்பது அவர்களது கோட்பாடு. இதனை 'நிகர்க்காட்சி முறை' என்று நாம் அழைக்கலாம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் கோட்பாடே இது. மொழிபெயர்ப்பாளர் பலரும் மரபுத்தொடர்களை இவ்வழியில்தான் கையாளுகின்றனர்.

பெர்நானோஸ் அத்திரைக்கதையை ஏற்கவில்லை. 1948இல் அவர் மறைந்தார். அந்தப் படமாகாத பிரதியைப் பெற்றுப் படித்த ஓர் இளைஞர், 1954 ஜனவரியில் 'கஹியே து சினேமா' இதழின் 31ஆம் எண்ணில், 'பிரெஞ்சுத் திரையின் ஒரு குறிப்பிட்ட போக்கு' என்னும் கட்டுரையை வெளியிட்டார். பிரான்சுவா த்ரூஃபோ என்னும் அவ்விளைஞருக்கு அப்போது வயது இருபத்தொன்று. இதழாசிரியர்களே தயக்கத்தோடு வெளியிட்ட கட்டுரை அது.

த்ரூஃபோவின் குற்றச்சாட்டு வெற்று வசைமொழியன்று என்பதை இங்கு அழுத்திச் சொல்லவேண்டும். அவர் பிரதியைப் பிரதியோடு வைத்துக் காட்டினார். சீமாட்டியின் மகளான ஷந்தாலுக்கும் பங்குத்தந்தைக்கும் இடையே நாவலில் வரும் பாவசங்கீர்த்தனக் காட்சியைப் படமாக்கவியலாதது என்று ஒதுக்கிய ஒராஷ், அதற்கு நிகராக, அப்பெண் தான் வாங்கிய நற்கருணையை உமிழும் காட்சியொன்றைப் புனைந்திருந்தார். நாவலின் நடுவே ஒரு பாத்திரம் கசப்போடு சொல்லும், மரணத்திற்குப் பின் ஏதுமில்லை என்னும் பொருள்படும் கூற்றை எடுத்துத் திரைக்கதையின் முடிவாக வைத்திருந்தார். அருளைப் பற்றிய சொல்லோடு முடியும் நாவல், அருளை மறுக்கும் சொல்லோடு முடியும் படமாகவிருந்தது. நிகர்க்காட்சி என்பது படமாக்கவியலாமைக்கு மாற்றன்று, தழுவுவோர் தம் சொந்தக் கொள்கையைப் பிறர் நூலுக்குள் நுழைக்கும் புழைக்கடை வாயில் என்பதே த்ரூஃபோ கண்ட முடிவு. பாவசங்கீர்த்தனக் காட்சியைப் படமாக்க முடியாது என்று யார் சொன்னது என்றும் அவர் கேட்டார். அவ்விருவரையும் இலக்கியவாதிகள் என்றே ஒப்புக்கொண்ட அவர், திரைக்கலையைக் குறைத்து மதிப்பிட்டதையே அவர்களது குற்றமாகச் சொன்னார் என்பது நம் கவனத்திற்குரியது.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஒரு நினைவு எழாமல் இராது. முதல்நூல், வழிநூல் என்னும் பாகுபாடு நமக்குப் புதிதன்று. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலின் வகைகளைத் தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துநின்று, பின்னோன் விரும்பும் வேறுபாடுகளையும் உடன்கொண்டு வருவதே வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. இவ்விலக்கணங்கள் நூல்களுக்கு வகுக்கப்பட்டவையே அன்றித் திரைக்கு வகுக்கப்பட்டவையல்ல என்பது உண்மைதான். எனினும் வேறுபாட்டையும் முடிபையும் பிரித்துப் பார்க்கும் நுட்பம் அவற்றில் இருக்கிறது. வேறுபாடு எத்துணை என்று எண்ணுவது எளிது. முடிபு மாறியதா என்று காண்பதே அரிது. த்ரூஃபோ எண்ணிக்கையில் ஈடுபடவில்லை. முடிபு மாறியதைத்தான் சுட்டினார்.

அவரது கட்டுரைக்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே இவ்வழக்கிற்கு விடை திரையில் வந்துவிட்டது. 1951இல் ரொபேர் ப்ரெஸ்ஸோன் அதே நாவலைப் படமாக்கினார். முந்தைய 'பூலோன் காட்டுச் சீமாட்டிகள்' படத்தில் திதரோவின் நாவலிலிருந்து ஒரு கிளைக்கதையை எடுத்து, உரையாடல் எழுதும் பொறுப்பைக் கொக்தோவிடம் தந்த ப்ரெஸ்ஸோன், இம்முறை வேறொருவர் உரையாடலை நாடவில்லை. பெர்நானோசின் சொற்களையே வைத்துக்கொண்டார். வேண்டாத பகுதிகளைக் கழித்தார், நிகர்க்காட்சி எதையும் புனையவில்லை. அதுவரை திரையில் தோன்றியிராத க்ளோத் லெய்து பங்குத்தந்தையாக நடித்தார்.

இப்படத்தைப் பார்க்கும் எவரும் முதலில் உணர்வது ஒரு விசித்திரமான அடுக்குமுறையை. குறிப்பேட்டில் கை எழுதுவதைக் காண்கிறோம். எழுதப்படும் வரிகளைப் பங்குத்தந்தையின் குரல் வாசிப்பதைக் கேட்கிறோம். பின்னர் அந்நிகழ்ச்சியையே காண்கிறோம். திரைக்கதைப் பாடங்கள் கூறியது கூறல் என்று தள்ளக்கூடிய உத்தி இது. ஆனால் இவ்வடுக்கில் ஒன்று மற்றொன்றின் விளக்கமாக அமைவதில்லை. குரல் உணர்ச்சியின்றித் தட்டையாக ஒலிக்கிறது, முகமோ அதற்கு உரை எழுத மறுக்கிறது. எழுத்துக்கும் குரலுக்கும் முகத்துக்கும் இடையே விழும் சிறு இடைவெளியில்தான் அம்மனிதரின் தனிமை தெரிகிறது. இறுதியில் நண்பன் எழுதிய கடிதத்தைக் குரல் வாசிக்க, வெண்திரையில் ஒரு சிலுவையின் கருநிழல் மட்டும் நிற்கிறது. மரணத்தைக் காட்டவில்லை, காட்டுவதற்கு நிகரான ஒன்றையும் புனையவில்லை. நாவலின் கடைசிச் சொல் தனக்குரிய இடத்தில் ஒலித்து முடிகிறது.

படம் வெளிவந்த ஆண்டிலேயே, அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த 'கஹியே து சினேமா'வின் மூன்றாம் இதழில் ஆந்த்ரே பஸான் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். நம் நோக்கில் இவ்வழக்கின் மிக முக்கியமான ஆவணம் த்ரூஃபோவின் கட்டுரையன்று, இதுவே. பஸான் ஒரு முரணைக் கண்டறிந்தார். பெர்நானோசின் நாவல் காட்சிப்படிமங்கள் மலிந்தது. ப்ரெஸ்ஸோன் நினைத்திருந்தால் அவற்றை எளிதாகப் படமாக்கியிருக்கலாம். ஆனால் அவர் அத்தகைய இடங்களையே பெரும்பாலும் கழித்துவிட்டுச் சொற்களை வைத்துக்கொண்டார். ஆகவே நாவல் படிமங்களால் நிறைந்திருக்க, படமே இலக்கியத்தன்மை மிக்கதாயிற்று. நாவலை ப்ரெஸ்ஸோன் ஒரு கதையாகக் கொள்ளவில்லை. ஏற்கெனவே உலகில் இருக்கின்ற, மாற்றவியலாத ஒரு பொருளாகக் கொண்டார் என்பது பஸானின் விளக்கம். ஒரு மலையையோ தெருவையோ படமெடுப்பவர் அதை வெட்டலாம், சட்டகத்திற்கு வெளியே தள்ளலாம், ஆனால் திருத்தி எழுத முடியாது. ப்ரெஸ்ஸோன் பெர்நானோசின் வரிகளை அவ்வாறே நடத்தினார்.

'மூலத்தைப் போல' என்னும் கேள்வி இங்கே உருமாறிவிடுவதைக் காண்க. நாவலுக்கு நேர்மையாக இருப்பதென்றால் நாவல் நம் மனக்கண்ணில் எழுப்பும் காட்சிகளைத் திரையில் எழுப்புவது என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். பஸானோ, நாவல் நாவலாகவே, எழுத்து எழுத்தாகவே, திரைக்குள் எஞ்சிநிற்க முடியும் என்று காட்டினார். இது வேறொரு நேர்மை. நம் அட்டவணைகளில் இதற்கெனக் கட்டமே கிடையாது.

பின்வந்த பிரெஞ்சுக் கல்விப்புலம் இதற்கான கருவிகளைச் செய்தளித்தது. சினிமா மொழியா, மொழிபோன்ற ஒன்றா என்னும் கேள்வியைக் கிறிஸ்தியான் மெட்ஸ் 1964இல் எழுப்பினார். நாவலில் 'பார்ப்பவர் யார்', 'பேசுபவர் யார்' என்னும் இரண்டையும் பிரித்தறியும் முறையை ழெரார் ழெனெத் 1972இல் வகுத்தார். அதைத் திரைக்குக் கொண்டுவந்த பிரான்சுவா ழோஸ்த், 1987இல் வெளியான தம் நூலில், திரையில் காண்பதும் அறிவதும் ஒன்றல்ல என்பதால் அவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் வேண்டும் என்றார். ப்ரெஸ்ஸோனின் படத்திற்கு இதைப் பொருத்திப் பார்த்தால் பயன் விளங்கும். நாட்குறிப்பில் 'நான்' என்பவரை நாம் வெளியிலிருந்து ஒருபோதும் காண்பதில்லை. படத்திலோ அறிவது அவர் வழியாக, காண்பது அவரையே. தன்மையிடமும் படர்க்கையும் ஒரே நொடியில் கூடிநிற்கின்றன. எழுத்தில் எளிதில் அமையாத ஒன்றைத் திரை இவ்வாறு அமைத்துக்கொள்கிறது. ஒற்றுமை வேற்றுமைப் பட்டியல் இந்த இடத்தை எட்டிப் பார்ப்பதேயில்லை.

இனி மறுவிசாரணைக்கு வருவோம். த்ரூஃபோவின் கட்டுரை வரலாற்றில் வென்றது. அவரும் நண்பர்களும் இயக்குநர்களாயினர், 'புதிய அலை' உலகெங்கும் பேசப்பட்டது, ஒராஷும் போஸ்தும் பழமைக்கு எடுத்துக்காட்டாகிப் போயினர். இளைஞர் ஒருவரின் கண்டன உரை ஆய்வின் முடிவாகவே பாடநூல்களில் படிந்துவிட்டது. த்ரூஃபோவை மேற்கோள் காட்டுவோரில் எத்தனை பேர் ஒராஷ்-போஸ்த் எழுதிய படமொன்றையேனும் பார்த்திருப்பர் என்னும் ஐயம் நமக்குண்டு. போரில் பெற்றோரை இழந்த சிறுமி ஒருத்தி விலங்குகளுக்குக் கல்லறை அமைக்கும் 'விலக்கப்பட்ட விளையாட்டுகள்' (1952) அவர்கள் பங்களித்த படமே. ரெனே க்ளெமான் இயக்கிய அப்படத்தைக் கண்டவர் எவரும் அவர்களை ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

த்ரூஃபோ தம் கோட்பாட்டிற்கு எந்த அளவுக்கு உண்மையாக இருந்தார் என்பதையும் பார்க்கவேண்டும். ஆன்ரி-பியேர் ரோஷே தம் எழுபதுகளில் வெளியிட்ட முதல் நாவலான 'ழூல், ழிம்' 1962இல் த்ரூஃபோவின் கையால் படமாயிற்று. நாவலின் நடையைக் கதைசொல்லியின் குரலில் அவர் அழகுறக் காப்பாற்றினார். ப்ரெஸ்ஸோனிடமும் பஸானிடமும் கற்ற பாடம் அதில் தெரிகிறது. ஆனால் நாவலில் ஜெர்மானியரான நாயகியை அவர் பிரெஞ்சுப் பெண்ணாக்கினார். நாவலில் வரும் வேறு பெண்களின் இயல்புகளையும் அவள் ஒருத்திக்கே சேர்த்தார். இதை நிகர்க்காட்சி முறையின் உறவினர் என்று சொன்னால் தவறாகுமா? 1971இல் வந்த 'இரு ஆங்கிலப் பெண்கள்' படத்தின் தலைப்புக் காட்சியில், தாம் கோடிட்டும் குறிப்பெழுதியும் வைத்திருந்த ரோஷேயின் புத்தகப் பக்கங்களையே அவர் காட்டினார். தழுவல் என்பது வாசிப்பின் தடம் என்னும் ஒப்புதல் அதில் இருக்கிறது. 1954இன் கண்டனக்காரரைவிட இந்த த்ரூஃபோவே நமக்கு நெருக்கமானவர்.

மறுபுறம், பெர்த்ரான் தவெர்னியே தம் முதல் முழுநீளப் படமான 'செயின்ட் பால் கடிகாரக்காரர்' (1974) என்பதற்குத் திரைக்கதை எழுத முதியவர்களாகிவிட்ட ஒராஷையும் போஸ்தையுமே தேடிச்சென்றார். போஸ்த் 1945இல் எழுதிய ஒரு குறுநாவலை 1984இல் 'நாட்டுப்புறத்தில் ஒரு ஞாயிறு' என்று படமாக்கினார். 2002இல் வந்த தம் படத்தில் ஒராஷை ஒரு முதன்மைப் பாத்திரமாகவே கொண்டுவந்தார். ஆய்வாளர்கள் எழுதியிருக்கவேண்டிய மறுப்புரையை ஓர் இயக்குநர் படங்களாக எழுதினார் எனலாம். த்ரூஃபோ சுட்டிய குறை மெய்யானது, அவர் வழங்கிய ஒட்டுமொத்தத் தண்டனை மிகையானது என்பதே இவ்வழக்கில் நம் தீர்ப்பு.

நேர்மை யாருக்குச் செலுத்தப்படுவது என்பது மற்றொரு கேள்வி. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது 1942இல் வெர்கோர் என்னும் புனைபெயரில் இரகசியமாக அச்சிடப்பட்ட 'கடலின் மௌனம்' என்னும் குறுநாவலை ழான்-பியேர் மெல்வில் படமாக்க விரும்பியபோது, ஆசிரியர் உரிமை தரவில்லை. எடுத்து முடித்தபின் எதிர்ப்பியக்கத்தார் அடங்கிய குழுவுக்குக் காட்டுவதாகவும், அவர்கள் ஏற்காவிடில் படச்சுருளையே எரித்துவிடுவதாகவும் மெல்வில் வாக்களித்து, ஆசிரியரின் வீட்டிலேயே படமெடுத்தார். 1949இல் படம் வெளியாயிற்று. இங்கே மூலம் என்பது அச்சிட்ட சொற்கள் மட்டுமன்று. அவற்றை மறைத்து வைத்து வாசித்தவர்களின் வாழ்வும் அதில் அடங்கும்.

மார்கெரித் துராஸோ நாவலாசிரியரே இயக்குநரானால் என்ன நேரும் என்பதற்குச் சான்று. 1975இன் 'இந்தியா சாங்' படத்தில் பாத்திரங்களின் குரல்கள் ஒலிக்கின்றன, ஆனால் திரையில் எவருடைய உதடும் அசைவதில்லை. கதை நிகழ்வது கல்கத்தாவில், படமெடுத்ததோ பாரிசை ஒட்டிய பாழடைந்த மாளிகையில். மறுஆண்டே அதே ஒலித்தடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஆளரவமற்ற அம்மாளிகையின் சிதைவுகளைக் காட்டி இன்னொரு படத்தை அவர் ஆக்கினார். தன் நூலுக்குத் தானே வழிநூல் செய்து, அவ்வழிநூலுக்கும் ஒரு வழிநூல் செய்தவர் அவர். அவர் காட்டாத கல்கத்தா ஓர் ஐரோப்பியக் கனவே என்பதையும் இந்திய வாசகர்களாகிய நாம் சொல்லாமல் விடலாகாது. தழுவல் ஆய்வு இக்கேள்வியையும் தாங்கவேண்டும்.

நேர்மை என்னும் அளவுகோலே காலாவதியாகிவிட்டது, எல்லாப் பிரதியும் பிற பிரதிகளின் மறுஎழுத்துத்தான், ஆகவே மூலமென்று ஒன்றைத் தூக்கிப்பிடிக்க வேண்டியதில்லை என்று கோட்பாட்டாளர் சிலர் வாதிடுகின்றனர். இவ்வாதத்தில் உள்ள விடுதலையுணர்வு நமக்கு உடன்பாடே. ஆனால் முற்றாக ஏற்பதற்கில்லை. நற்கருணையை உமிழும் காட்சியைப் புனைந்துவிட்டு அதைப் பெர்நானோசின் பெயரில் விற்க முனைந்ததை, பிரதிகளின் விளையாட்டு என்று சொல்லிக் கடந்துவிட முடியுமா? ஒருவர் தம் உயிரைக் கொடுத்து எழுதிய முடிபை மற்றொருவர் தலைகீழாக்குவாராயின், தலைகீழாக்கினேன் என்று சொல்லிவிட்டுச் செய்யலாம். சொல்லாமல் செய்வதைச் சொல்லாமல் செய்ததென்று சுட்டும் கடமை ஆய்வாளருக்கு உண்டு.

ஆகவே நாவலையும் திரைப்படத்தையும் சேர்த்து ஆய்வோரிடம் நாம் வேண்டுவது சிலவே. திரைக்கதைப் பிரதி கிடைக்குமாயின் அதைத் தேடிப் படியுங்கள். த்ரூஃபோவின் வலிமை முழுதும் அதில்தான் இருந்தது. கண்டன உரைகளைத் தீர்ப்புரைகளாகக் கொள்ளாமல், கண்டிக்கப்பட்ட படங்களையும் ஒருமுறை பாருங்கள். கதை மாறியதா என்பதோடு நில்லாமல், எழுத்து எங்கே போயிற்று, குரல் எங்கே நிற்கிறது, முகம் எதைச் சொல்ல மறுக்கிறது என்று கேளுங்கள். என்னென்ன விடப்பட்டன என்று எண்ணுவதைக் காட்டிலும், விடப்பட்டதனால் எஞ்சியது எவ்வாறு கனத்தது என்று எடைபோடுங்கள்.

வெண்திரையில் நிற்கும் அந்தக் கருநிழல் நாவலின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆயினும் நாவலின் கடைசிச் சொல்லுக்கு அதைவிட நேர்மையான காட்சியை வேறெவரும் தந்துவிட முடியாது. இவ்விரு வாக்கியங்களும் ஒருசேர உண்மையாவது எப்படி என்று விளக்க முற்படும் ஆய்வையே நாம் ஆய்வென்று ஏற்கவேண்டும்.